பழைய வீட்டைக் காலி செய்கிறோம்: புடவை, ஆல்பம், கடிதம், பித்தளை... எதை வைப்பது, எப்படி வைப்பது?

மாம்பலம்_தனிவீடு:

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் அப்பா காலத்துத் தனி வீடு ஜாயின்ட் வென்ச்சருக்கு (பில்டர் இடித்துவிட்டுப் புது ஃபிளாட் கட்டித்தரும் ஒப்பந்தம்) போகிறது. தை மாதம் சாவியைக் கொடுக்க வேண்டும். புது ஃபிளாட் கைக்கு வரும்வரை அம்மாவுக்கு (வயது 74) இரண்டு படுக்கையறை வாடகை வீடு பார்த்திருக்கிறோம். அங்கே பரண் ஒன்றுதான், அதுவும் குளியலறைக்கு மேலே.

சோபா, கட்டில், பழைய கிரைண்டர் இவற்றில் சிக்கல் இல்லை. கை வைக்க முடியாமல் நிற்பவை: அம்மா, பாட்டி இருவரின் பட்டுப்புடவைகள் (சில மடிப்பில் விட்டுப்போகின்றன), ஒட்டும் பக்கங்கள் உள்ள கல்யாண ஆல்பங்கள், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட தாத்தா படம், வீடியோ கேசட்டுகள், அப்பா எழுதிய இன்லேண்ட் லெட்டர் கட்டு, தாத்தா வார இதழ்களிலிருந்து எடுத்துப் பைண்டு செய்த தொடர்கதைகள், பித்தளை அண்டா, தவலை, கொலு பொம்மைகள், ஒரு தஞ்சாவூர் ஓவியம், ஊஞ்சல்.

பிள்ளைகள் மூன்று பேர். அக்கா நியூஜெர்சியில். "எல்லாம் இருக்கட்டும்" என்கிறோம். வைக்க இடம் யாரிடமும் இல்லை. எதில் ஆரம்பிப்பது? மழை வேறு தொடங்கிவிட்டது.


பெட்டிபீரோ:

நினைவுப் பொருள்ல ஆரம்பிக்காதீங்க. ஆல்பத்தைத் திறந்து உட்கார்ந்தா அன்னைக்குப் பொழுது அதோட போயிடும். முதல்ல காகிதம். அடுத்து, கெட்டுப்போய்க்கிட்டிருக்கிற பொருட்கள்: கேசட், போட்டோ, பட்டு. பித்தளை, மரம், கல் எல்லாம் கடைசி. அதுங்க இன்னும் ரெண்டு மாசம் காத்திருக்கும்.

காகிதம்னா வீட்டுல இருக்கிற ஒவ்வொரு காகிதமும் ஒரே மேசைக்கு வரணும். பழைய வீடுகள்ல பத்திரம் பீரோ லாக்கர்ல மட்டும் இருக்காது. பீரோ தட்டுல விரிச்ச செய்தித்தாளுக்கு அடியில, சாமி படத்துக்குப் பின்னால, புடவை மடிப்புல, பழைய பஞ்சாங்கத்துக்குள்ள, மெத்தைக்கு அடியில எல்லாம் தேடுங்க. புத்தகங்களை முதுகைப் பிடிச்சுத் தலைகீழா உதறாம ஒரு தடவை பக்கம் புரட்டுங்க, பைண்டிங் பிரியாது.

மூலப் பத்திரம், பட்டா, பழைய வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, இறப்புச் சான்று, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எல்லாம் ஒரு பெட்டி. ஷேர் சர்டிபிகேட் மஞ்சளடிச்சுக் கிடந்தாலும் பழைய பேப்பரோட போட்டுடாதீங்க. 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்கை இன்னொருத்தருக்கு வித்து மாத்த முடியாது. ஆனா இறந்தவர் பேர்லேர்ந்து வாரிசு பேருக்கு மாத்தி டீமேட் (மின்னணுக் கணக்கு) ஆக்கலாம். ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காம விட்டிருந்தா அந்தப் பங்கு ஐஇபிஎஃப்ங்கிற மத்திய அரசு நிதிக்குப் போயிருக்கும். அங்கேர்ந்தும் விண்ணப்பிச்சு வாங்கலாம். கம்பெனி பேர் மாறியிருந்தாலும் ஃபோலியோ எண் இருந்தா கண்டுபிடிக்க வழி இருக்கு. பழைய பாஸ்புக் கிடைச்சா ரிசர்வ் வங்கியோட உத்கம் இணையதளத்துல அந்தப் பேரைத் தேடுங்க. பத்து வருஷம் அசையாத கணக்கா இருந்தாலும் வாரிசுக்கு உரிமை போகாது.

புடவை மடிப்புல பழைய 500, 1000 நோட்டு கிடைக்கலாம். 2016 நவம்பர்ல செல்லாமப் போன நோட்டுகளைப் பத்துக்கு மேல வெச்சிருக்கறது 2017 சட்டப்படி குற்றம். அபராதம் பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டு மதிப்பு போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அது. ஞாபகத்துக்கு ஒண்ணு ரெண்டு போதும்.

எதையும் லேமினேட் பண்ணாதீங்க. சூட்டுல பசை காகிதத்துக்குள்ள இறங்கிடும், திரும்பப் பிரிக்கவே முடியாது. உள்ள கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பூஞ்சை அங்கேயே வளரும். மெத்துனு, வாடை அடிக்கிற பிவிசி உறையும் வேண்டாம். கொஞ்ச நாள்ல ஜெராக்ஸ் எழுத்து அதுல ஒட்டிக்கிட்டு வந்துடும். பாலிப்ராப்பிலீன் எல் ஃபோல்டர் எந்த ஸ்டேஷனரி கடையிலயும் கிடைக்கும், அதுதான் சரி. குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாத்தையும் எடுத்துடுங்க. சென்னைக் காத்துல துருப்பிடிச்சு காகிதத்தையே ஓட்டை போட்டுடும்.

இதைவிட அவசரமானது ஒண்ணு இருக்கு. எதை யார் எடுத்துக்கறதுன்னு பேசறதுக்கு முன்னால, ஒவ்வொரு பொருளையும் அம்மா கையில கொடுத்து மொபைல்ல குரல் பதிவு பண்ணுங்க. யாரோடது, எந்த வருஷம், எந்த ஊர், யார் கொடுத்தது? அரை நிமிஷம் போதும். பொருளுக்கு ஒரு எண் சீட்டு, பதிவுக் கோப்புக்கும் அதே எண். சீட்டை வெள்ளைப் பருத்தி நூல்ல கட்டுங்க. ஸ்டிக்கரும் செல்லோ டேப்பும் கூடவே கூடாது. பசை உருகி மரத்துலயும் துணியிலயும் கறையாயிடும். பேர் தெரியாத போட்டோவையும், யார் கொடுத்ததுன்னு தெரியாத சொம்பையும் அடுத்த தலைமுறை வெச்சுக்காது. அதனால வைக்கிறதா வேண்டாமாங்கறதை அந்தக் குரல் பதிவுதான் பாதி முடிவு பண்ணும். பதிவு பண்றப்ப அம்மாவுக்கே சொல்ல எதுவும் இல்லாத பொருளை நீங்க தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

பங்கு பிரிக்கிறதுக்கு: முதல்ல அம்மா தனக்கு வேணுங்கறதை ஒதுக்கட்டும், அதுல பேச்சே கூடாது. மீதிக்கு எண்ணோட படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. முதல் சுத்துல பிள்ளைகள் ஒண்ணு, ரெண்டு, மூணுங்கற வரிசையில எடுத்தா அடுத்த சுத்துல மூணு, ரெண்டு, ஒண்ணு. அக்கா வீடியோ அழைப்புல எடுக்கட்டும். "அப்புறம் எடுத்துக்கறேன், இப்ப நீ வெச்சிரு"ங்கறதுக்கு ஒரு கடைசி தேதி எழுதிடுங்க. தேதி இல்லேன்னா அது எல்லாம் உங்க வீட்டுலயே தங்கிடும்.

பழைய மெத்தை, சோபா, கட்டிலுக்கு மாநகராட்சியில 1913-ல பதிவு பண்ணினா வீட்டுக்கே வந்து எடுக்கறாங்க. போகி வரைக்கும் மூட்டை கட்டி வெச்சு எரிக்கலாம்னு இருக்காதீங்க. தலையணை உறையிலேர்ந்து ஆல்பம் அட்டை வரைக்கும் எல்லாத்துலயும் பிளாஸ்டிக் கலந்திருக்கு, போட்டோ பேப்பர் உட்பட.


பட்டுக்கரை:

புடவை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு புடவையையும் முழுவதும் பிரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மடிப்புக் கோட்டில் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தால் பட்டு இழை அங்கே அறுந்துவருகிறது. ஒரே மடிப்பில் வருடக்கணக்காக இருந்ததும் ஜரிகையின் எடையும்தான் காரணம். இதைத் தைத்து மீட்க முடியாது. தைத்த இடத்துக்குப் பக்கத்தில் கிழியும். இந்த வகைப் புடவையைக் கட்டுவதற்கென்று பாதுகாக்க வேண்டாம். உடல் போனாலும் முந்தானையும் கரையும் நன்றாக இருக்கும். முந்தானையை வெட்டி மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு துண்டு சட்டமிட்டுக் கொடுக்கலாம். கரையைப் பேத்திகளின் பாவாடைக்கு வைத்துத் தைக்கலாம்.

சட்டமிடும்போது ஃபெவிகால் தொடாதீர்கள். பட்டுத் துண்டைத் துவைத்த காடாத்துணி மேல் பரப்பி, ஓரங்களில் அரை அங்குலத்துக்கு ஒரு தையல் என்று பட்டு நூலால் பிடியுங்கள். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். சட்டக்காரரிடம் மவுண்ட் போடச் சொல்லிக் கேளுங்கள். துணி கண்ணாடியைத் தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும்.

இரண்டாவது வகை, திடமாக இருக்கும் புடவைகள். இதில் அம்மா கட்டுவாரா, மகளோ மருமகளோ கட்டுவார்களா என்பது மட்டும்தான் கேள்வி. கட்டுகிறவர் வீட்டுக்குப் போகட்டும். வைக்கும் முறை: காடாத்துணியை இரண்டு முறை வெந்நீரில் அலசிக் கஞ்சியை முழுக்க எடுத்துவிட வேண்டும். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி வரும். பருத்திப் புடவைகளுக்கும் இதே விதி, கஞ்சி போட்டு எடுத்து வைக்கக் கூடாது. பழைய மல் வேட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஜரிகை உட்புறமாக வரும்படி மடித்து, ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஹேங்கரில் மாட்டினால் ஜரிகைக் கனத்தில் பட்டு இழுபடும். கடையில் தரும் பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். அதை வாங்கிய அன்றே தூர எறியுங்கள்.

அந்துருண்டையைப் புடவை மேல் நேரடியாக வைத்தால் கறை படியும், ஜரிகையின் நிறமும் மங்கும். சின்னத் துணிப்பையில் போட்டுப் பீரோ மூலையில் தொங்கவிடுங்கள். அதோடு கற்பூரத்தைச் சேர்த்து வைப்பவர்கள் நிறைய. இரண்டும் கலந்தால் உருகுநிலை இறங்கிவிடும்; சென்னை வெயிலில் எண்ணெய் போல ஒழுகித் துணியில் இறங்கும். இரண்டில் ஒன்று மட்டும். குழந்தைத் துணிகளை நினைவாக வைக்கும் பெட்டியில் அந்துருண்டையே வேண்டாம். பின்னால் வேறு குழந்தைக்குப் போட்டால், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நெடியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். அங்கே வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைத்தால் போதும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

மூன்றாவது, கிழிந்தும் யாருக்கும் வேண்டாதவை. "பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம்" என்று வருபவருக்கு வேண்டியது ஜரிகையிலுள்ள வெள்ளி. அவர் வருவதற்கு முன் நீங்களே சோதியுங்கள். கரையின் பின்பக்கத்தில் தொங்கும் ஜரிகை இழை ஒன்றை எடுத்து நகத்தால் முறுக்கைப் பிரியுங்கள். அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் சுற்றிய, தங்கமுலாம் பூசிய வெள்ளிக் கம்பி. உள்ளே சிவப்பு நூலும் மேலே தேய்த்தால் வெள்ளி நிறமும் தெரிந்தால் அசல். தேய்த்த இடம் செம்பு நிறமானால் கலப்பு. பளபளப்பு மெல்லிய பிளாஸ்டிக் தாளாக உரிந்துவந்தால் அதில் வெள்ளியே கிடையாது. மொத்தமாக ஒரு விலை பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதிவைத்து, அசலைத் தனியாக, கலப்பைத் தனியாகக் கேளுங்கள். குறைந்தது இரண்டு பேரிடமாவது விலை கேட்டபிறகே கொடுங்கள். விற்பதற்கு முன் முந்தானையில் ஒரு சாண் வெட்டி வைத்துக்கொள்ளலாம். எடையில் பெரிய வித்தியாசம் வராது.


மாம்பலம்_தனிவீடு:

மிக்க நன்றி. பாட்டி புடவைகளில் ஜரிகைக்குள் சிவப்பு நூல்தான் தெரிகிறது. போட்டோ, கடிதம், புத்தகம் பற்றி யாராவது சொல்லுங்கள். ஆல்பத்தில் படங்கள் எடுக்க வராமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.


ஏடும்படமும்:

அந்த ஒட்டும் ஆல்பங்கள்தான் போட்டோவுக்கு முதல் எதிரி, ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குங்கள். பக்கத்திலுள்ள பசையும் மேலே மூடும் பிளாஸ்டிக் தாளும் சேர்ந்து படத்தை மஞ்சளாக்குகின்றன. எடுக்கும் முறை: முதலில் பக்கத்தை அப்படியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது கிழிந்தாலும் ஒரு பிரதி இருக்கும், எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற வரிசையும் தெரியும். பிறகு பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலை, மெழுகு பூசாததை, படத்தின் மூலையில் நுழைத்து, இரண்டு கையாலும் அறுப்பதுபோல மெல்ல முன்னே நகர்த்துங்கள். படத்தை வளைக்காதீர்கள், நூல்தான் நகர வேண்டும். வராவிட்டால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் பக்கத்தின் பின்புறமாகக் காட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் வராததை அட்டையோடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், தின்னர் எதுவும் வேண்டாம்.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்க வேண்டாம். படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்துவிட்டது. இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கும், காகிதம் மட்டும் கையில் வரும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஃபிளாட்பெட் ஸ்கேனரில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். அதில் ஒரு புதுப் பிரதி போட்டு மவுண்ட் வைத்துச் சட்டமிட்டு மாட்டுங்கள். அசலைக் கண்ணாடியோடேயே காடாத்துணியில் சுற்றிப் பீரோவில் படுக்கவைத்துவிடலாம்.

ஸ்கேன் அளவு: சாதாரண 4×6 படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). அது 2400×3600 பிக்சல், திரும்ப இரண்டு மடங்கு பெரிதாக அச்சிடப் போதும். பாஸ்போர்ட் அளவுக்கு 1200. நெகட்டிவ் கிடைத்தால் அதுதான் அசல், அதை 2400-க்குக் குறையாமல். முக்கியமான ஐம்பது நூறு படங்களைத் தரம் குறையாத டிஃப் கோப்பாகவும் (ஒவ்வொன்றும் சுமார் 26 எம்பி வரும்), மற்றவற்றை உயர்தர ஜேபெக் ஆகவும் வைத்தால் போதும். 80-களில் ஸ்டூடியோக்கள் போட்டுக்கொடுத்த சொரசொரப்பு ஃபினிஷ் படங்கள் ஸ்கேனில் புள்ளி புள்ளியாக மின்னும். அதே படத்தை 180 பாகை திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்து, எது சுத்தமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சுருண்ட பழைய படத்தைத் தானாக இழுக்கும் ஸ்கேனரில் விடவே கூடாது.

கோப்புப் பெயரில் வருடம் முதலில் வரட்டும்: 1978, நிகழ்ச்சி, ஊர், எண். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் 197x. இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு கிளவுட். ஒரு டிஸ்க் வேறு வீட்டில், உங்களுக்கு நியூஜெர்சியே இருக்கிறது. ஆயிரம் படம் ஜேபெக்கில் நான்கைந்து ஜிபிதான், இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஸ்கேன் செய்தபின் எதை எறியலாம்? கல்யாண ஆல்பத்தில் பாதி, மேடையில் வரிசையாக நிற்கும் படங்கள். அவற்றில் இருப்பவர்களின் வீட்டுக்கே அசலைக் கொடுத்துவிடுங்கள். அவர்களிடம் அந்தப் படம் இருக்காது. வீட்டின் திண்ணை, கிணறு, அடுப்படி, தெரு, பழைய ஸ்கூட்டர் பின்னணியில் தெரியும் படங்கள் மங்கலாக இருந்தாலும் வையுங்கள், அந்த இடம் இனி இருக்காது. படத்தின் பின்னால் எழுத 4பி பென்சில், விளிம்பில் லேசாக. பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

கடிதங்கள்: இன்லேண்ட் லெட்டரை விரித்துத் தட்டையாக, தேதி வரிசையில் வையுங்கள். கட்டிய ரப்பர் பேண்டை உடனே எடுங்கள், உருகி மையோடு ஒட்டும். எல்லாக் கடிதமும் காக்கத் தக்கதல்ல. "பணம் அனுப்பியுள்ளேன், வந்து சேர்ந்ததும் எழுதவும்" என்பதில் ஒன்றிரண்டு போதும். அப்பா எங்கே, எப்படி வாழ்ந்தார் என்று தெரிவிப்பதை எடுத்து வையுங்கள். மூவரும் அசலைக் கேட்டால் ஸ்கேன் எல்லோருக்கும், அசல் கட்டு பிரியாமல் ஒருவரிடம். பிரித்துப் பங்கிட்ட கடிதக் கட்டை மறுபடி சேர்க்க முடிவதில்லை. வேண்டாத கடிதங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள், சுண்டல் பொட்டலமாக ஊருக்குள் வரும். வாளித் தண்ணீரில் ஓரிரவு ஊறப்போட்டுப் பிசைந்தால் கூழாகிவிடும்.

பைண்டு செய்த தொடர்கதைகள் உங்கள் பட்டியலிலேயே அரிதானவை. பழைய இதழ்களும் அவற்றின் ஓவியங்களும் முழுதாகக் கிடைப்பது குறைவு. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் இப்படிப்பட்ட தமிழ் அச்சுப் பொருட்களைத் திரட்டிப் பாதுகாத்துவருகிறது. இதழ் மட்டுமல்ல, கல்யாணப் பத்திரிகை, துண்டு நோட்டீஸ்கூட ஆய்வுக்கு உதவும். மூட்டையோடு போய் நிற்காதீர்கள். தொடரின் தலைப்பு, இதழ், ஆண்டு, விடுபட்ட பக்கம், பூச்சி அரிப்பு உண்டா என்று ஒரு பட்டியல் எழுதி, அட்டையும் முதல் பக்கமும் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். அவர்களிடம் இல்லாததை எடுத்துக்கொள்வார்கள். ஓலைச்சுவடி ஏதேனும் கிடைத்தால் எண்ணெய் தடவாமல், நூலை அவிழ்க்காமல், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தையோ அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ கேளுங்கள்.

வைத்துக்கொள்ளும் புத்தகத்தில் ராமபாணம் இருந்தால்: ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் -18 பாகையில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் குளிர்ந்த காகிதத்தில் நீர் கோக்கும். போட்டோவையும் ஓவியத்தையும் இப்படி ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.


தாழ்தளம்_வேளச்சேரி:

வாடகை வீட்டுப் பரண் குளியலறைக்கு மேலே என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே காகிதம், துணி, போட்டோ எதுவும் போகக் கூடாது. பித்தளையும் பொம்மையும் போகலாம். நினைவுப் பெட்டிகளுக்கு இடம் படுக்கையறை பீரோவின் நடுத்தட்டுகள். பீரோவை வெளிச்சுவரை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். தரைத்தளம் என்றால் அடித்தட்டு காலியாகவே இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல வீடுகளில் முதலில் போனவை கட்டிலுக்கு அடியிலிருந்த ஆல்பப் பெட்டிகள்தான்.

மழை நாளில் பெட்டியை மூடாதீர்கள். அன்றைய ஈரம் உள்ளேயே அடைபடும். ஏசி அறையில் பொருட்களை ஒரு நாள் பரப்பிவைத்துவிட்டு அங்கேயே மூடுங்கள். இறுக மூடும் 50 லிட்டர் பெட்டிக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல், ஆரஞ்சு நிறத்தது. பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். ஓவனில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். மாற்ற மறந்தால் அந்தப் பெட்டிக்குச் சிலிக்கா போட்டதும் போடாததும் ஒன்றே, ஆகவே மூடியில் தேதி எழுதுங்கள்.


நிலைக்கதவு:

ஊஞ்சலுக்கும் கதவுக்கும் சொல்றேன் சார், இதுல நாள் தள்ளினா பொருள் போயிடும். இடிக்கிற காண்ட்ராக்டர் வீட்டுல இருக்கிற மரம், கிரில், ஓடு எல்லாத்தையும் சேர்த்துத்தான் விலை கணக்குப் போடுவார். நீங்க எடுத்துக்கப்போற தலைவாசல் கதவு, நிலை, பூஜையறைக் கதவு, ஊஞ்சல் பலகை, சங்கிலி, கொக்கி, கிணத்து ராட்டினம் எல்லாத்தையும் பில்டர் ஒப்பந்தத்துலயே பட்டியலா எழுதிக் கையெழுத்து வாங்குங்க. வாய்ப்பேச்சு இடிக்கிற அன்னைக்கு நிக்காது.

நிலையைக் கடப்பாரை போட்டு நெம்பக் கூடாது. சுத்தியுள்ள பூச்சை அரை அடிக்கு உடைச்சு, சுவருக்குள்ள இருக்கிற இரும்புப் பிடியை அறுத்துட்டு, நிலைக்குக் குறுக்குல ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடிச்சு மூலைமட்டம் குலையாம வெளியே எடுக்கணும். ரெண்டு வருஷம் கிடக்கணும்னா தரையிலேர்ந்து ஒரு செங்கல் உயரத்துல படுக்க வைங்க, நிமிர்த்திச் சாத்தினா கோணிடும். அடிக்கட்டையிலயும் வெட்டுவாயிலயும் கரையான் மருந்து ரெண்டு கோட்டு.

புது ஃபிளாட்ல அந்தக் கதவு வரணும்னா வெளி அளவை இப்பவே ஆர்க்கிடெக்ட்கிட்ட கொடுங்க. பழைய நிலை நாலடி அகலம் இருக்கும், இப்போதைய ஃபிளாட் வாசல் பெரும்பாலும் மூணரை அடி. சுவர் எழும்பின பிறகு கேட்டா வழியில்லை. ஊஞ்சலும் அப்படித்தான். ஸ்லாப் கம்பி கட்டும்போதே, காங்கிரீட் ஊத்தறதுக்கு முன்னால கொக்கியைக் கம்பிவலையோட வளைச்சுக் கட்டணும். கம்பி கனத்தையும் இடத்தையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் குறிச்சுக் கொடுக்கணும். பலகை நீளத்தை வெச்சு ரெண்டு கொக்கிக்கும் நடுவுல இடைவெளி, ஆடறதுக்கு முன்னும் பின்னும் மூணடி காலி இடம், இதையும் வரைபடத்துல காட்டச் சொல்லுங்க.

பித்தளைக்கு ஒரு வார்த்தை. தட்டிப் பாருங்க, கணீர்னு நீளமா ஒலிச்சா வெண்கலம். பித்தளை ஒலி சீக்கிரம் அடங்கிடும். வெண்கலத்துக்கு விலை கூட, எடைக்குப் போடும்போது ரெண்டையும் ஒண்ணாக் கலந்து போட விடாதீங்க. பேரும் தேதியும் வெட்டின பாத்திரத்தை வெச்சுக்குங்க, வெட்டாத பெரிய அண்டாவைக் கோயில் மடப்பள்ளியில கேட்டுப் பாருங்க. சமைக்க வைக்கிறதுன்னா உள்ள வெள்ளீயம் பூசிட்டுத்தான் புளி சேர்க்கணும். ஈயச்சொம்பை ரசத்தை ஊத்தாம அடுப்புல வைக்கக் கூடாது. வெள்ளீயம் 232 பாகையிலயே உருகும்.


ஏடும்படமும்:

விடுபட்ட மூன்றுக்கும் இதோ.

வீடியோ கேசட்டை "ஓடுதா பார்க்கலாம்" என்று பிளேயரில் போடாதீர்கள். கேசட்டிலுள்ள சின்ன ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ நூலாம்படை போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் நாடா கிழியும், பிளேயர் ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்து மாற்றித்தருபவரிடம் கொடுக்கும்போது பூஞ்சை இருப்பதைச் சொல்லித் தனிப் பையில் கொடுங்கள். விஎச்எஸ் பிளேயர் தயாரிப்பு 2016-ல் நின்றுவிட்டது. இருக்கும் பிளேயர்கள் தேயத் தேய இந்த வேலை கடினமாகும், தள்ளிப்போட வேண்டாம். கொடுப்பதற்கு முன் கேசட் முதுகிலுள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள், தவறியும் மேலே பதிவாகாது. டிவிடியாகக் கேட்காதீர்கள். 720×576, நொடிக்கு 25 ஃப்ரேம், 8 எம்பிபிஎஸ்-க்கு (நொடிக்கு 8 மெகாபிட்) குறையாத எம்பி4 கோப்பாகப் பென் டிரைவில் கேளுங்கள். 8 எம்பிபிஎஸ்-ல் மூன்று மணி நேரக் கேசட் 11 ஜிபிக்குள் வரும்.

தஞ்சாவூர் ஓவியத்தை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. தங்கத் தாளுக்கும் கற்களுக்கும் அடியில் இருப்பது சுண்ணப்பொடியும் பசையும். தண்ணீர் பட்டால் இளகும். உலர்ந்த மென்தூரிகை போதும். வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில், பின்னால் நான்கு மூலைக்கும் கார்க் துண்டு வைத்து ஒரு சென்டிமீட்டர் காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். அக்கா கேட்டாலும் உடனே பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம், சிலை தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சுவடிக்கு எழுபத்தைந்து வருடமே எல்லை. வயது குறைவு என்றால் தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கியபின் அனுப்பலாம். பரணில் மான்கொம்பு, யானைத் தந்தச் சாமான், புலிநகச் சங்கிலி ஏதாவது கிடைத்தால் விற்கவோ பங்கு பிரிக்கவோ வேண்டாம். வனவிலங்குச் சட்டத்தில் வரும். வனத்துறையிடம் முதலில் கேளுங்கள்.

கொலு பொம்மையைச் செய்தித்தாளில் நேரடியாகச் சுற்றினால் மை முகத்தில் ஏறும், பிளாஸ்டிக்கில் சுற்றினால் வண்ணம் ஒட்டிக்கொண்டு உரியும். முதலில் மல் துணி, அதற்கு மேல் செய்தித்தாள். மரப்பாச்சி ஜோடியும் பாட்டி காலத்துச் செட்டும் வீட்டில் இருக்கட்டும். மற்றவற்றைப் புதிதாகக் கொலு தொடங்கும் வீட்டுக்குச் செட்டாகவே கொடுங்கள். தசாவதாரத்தில் இரண்டு பொம்மை குறைந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். உடைந்தவற்றில் களிமண் மட்டும் வாளித் தண்ணீரில் கரையும், அதைத் தொட்டி மண்ணில் ஊற்றலாம். பிளாஸ்டர் பொம்மை கரையாது. அதைக் கடலிலோ குளத்திலோ போடாமல் மாநகராட்சி உலர் குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.


மாம்பலம்_தனிவீடு:

எல்லாவற்றையும் அச்செடுத்து அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டேன். ஊஞ்சலும் நிலையும் ஒப்பந்தத்தில் இல்லை. பில்டரிடம் சேர்க்கச் சொல்லி எழுதிவிட்டோம். குரல் பதிவுக்கு ஒரு சந்தேகம்: அம்மாவுக்குச் சில பெயர்கள் உடனே நினைவுக்கு வருவதில்லை. கேட்டால் வருத்தப்படுகிறார். அங்கே நிறுத்திவிடலாமா?


பெட்டிபீரோ:

நிறுத்த வேண்டாம், கேள்வியை மாத்துங்க. "இது யாரு?"ன்னு நேரா கேட்டா பரீட்சை மாதிரி ஆயிடும். "இந்தப் புடவை எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது", "அப்ப எந்த வீட்டுல இருந்தீங்க"ன்னு இடத்தையும் விசேஷத்தையும் கேளுங்க. பேர் அந்தப் பேச்சுலயே தானா வரும். ஒரு தடவைக்கு அரை மணி, அதுக்கு மேல வேண்டாம். காலையில காபிக்கு அப்புறம் வைங்க, சாயங்காலம் அலுத்திருப்பாங்க. அவங்க வயசுல இருக்கிற சித்தியோ அத்தையோ பக்கத்துல உட்கார்ந்தா ரெண்டு பேருமா ஒருத்தரை ஒருத்தர் திருத்திப்பாங்க, அப்படியே பதிவாகட்டும், நடுவுல நிறுத்தாதீங்க. அப்பவும் தெரியாத படங்களை மட்டும் தனி உறையில போட்டு ஸ்கேனை ஊர்ல இருக்கிற பெரியவங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. பதில் வந்ததும் பேரோட, சொன்னவர் யாருன்னும் பென்சில்ல பின்னால எழுதிடுங்க. நாளைக்கு ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா எது யார் சொன்னதுன்னு தெரியணும்.